வாடகை வழங்கியும் வழிவழிக் கடமையும்

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் பலர். அதே செஞ்சி வட்டத்தில் மேல்சித்தாமூர் என்னும் ஊர் ஒன்று உண்டு என்பதை அறிந்தோர் சிலரே. தமிழ்ச் சமணர்க்குத் தலைமையிடமாகிய சினகாஞ்சி மடம் அவ்வூரில் உள்ளது. அம்மடத்தில் ஓலைச்சுவடிகள் உள்ளன. நன்னூல் தந்த பவணந்தியாரும், யாப்பருங்கலக்காரிகை தந்த அமிதசாகரரும், சீவகசிந்தாமணி தந்த திருத்தக்கதேவரும் எந்த நெறியில் நின்றனரோ, அந்த நெறியினரின் கையில் வழிவழியாக இருந்து வந்த செல்வம் அது. சமயம் எதுவாயினும், தமிழுக்கு இலக்கணமும் காப்பியமும் நிகண்டும் செய்தளித்த அக்குடியினர்க்குத் தமிழுலகம் கடன்பட்டிருக்கிறது.

அவர்கள் செய்த தொண்டுகளில் ஒன்றை மட்டும் இங்கு எடுத்துக் கொள்வோம். நூலைப் படியெடுத்துப் பிறர்க்கு அளித்தலை அவர்கள் ஓர் அறமாகக் கொண்டிருந்தனர். செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் கல்லில் வெட்டப்பட்ட எழுத்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் காப்பார் எவருமின்றித் தானே நிற்கிறது. ஓலை அவ்வாறு நில்லாது. கறையானும் ஈரமும் காலமும் அதனைத் தின்னும். இருநூறு முந்நூறு ஆண்டுகளில் ஓலை பொடியாகும். அதற்குள் ஒருவர் அதனைப் புது ஓலையில் பெயர்த்தெழுதியாக வேண்டும். எனவே நம் நூல்களைக் காத்தது ஓலையன்று. ஓலை கெடுமுன் படியெடுத்த கையே காத்தது. உ.வே. சாமிநாதனார் 1887இல் சிந்தாமணியை அச்சேற்ற முடிந்ததற்குக் காரணம், எங்கெங்கோ இருந்த பல இல்லங்களில் பல படிகள் பிழைத்திருந்தமையே.

இக்காலத்து ஓலை எது? கணிப்பொறியின் வட்டே இக்காலத்து ஓலை. அதன் வாழ்நாளோ ஓலையின் வாழ்நாளில் ஒரு சிறு பங்கு. ஐந்தாண்டு கடந்த வட்டை ஐயத்தோடு நோக்குதலே அறிவுடைமை. அந்த வட்டும் நம் வீட்டில் இல்லை. எவரோ ஒருவருடைய கட்டடத்தில், எந்நாட்டிலோ, மாத வாடகைக்கு இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கியது. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001இல் எழுந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003இலும், ஈழத் தமிழரின் நூலகம் என்னும் மின்னூலகம் 2005இலும் தொடங்கின. இவற்றோடு ஆயிரக்கணக்கான தனித் தளங்களும் சேர்ந்து இன்றைய தமிழ்ச் சுவடிச்சாலையாக விளங்குகின்றன. தமிழ் விக்கிப்பீடியாவின் முதன்மைப் பொறிகள் அமெரிக்க மண்ணில் உள்ளன. தனித் தளங்கள் பெரும்பாலும் வாடகைப் பொறிகளில் வாழ்கின்றன.

வாடகைக்கு இருப்பது இழிவன்று. வாடகைக்கு எடுத்த வீட்டின் கதவைத் திறக்கவும் பூட்டவும் அறியாதிருப்பதே இழிவு. இத்திங்கள் நாம் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

வழங்கி என்பது, கேட்பவர்க்குக் கேட்ட பக்கத்தை எடுத்து வழங்கும் கணிப்பொறி. ஒரே பொறியைப் பலர் பகிர்ந்து கொள்வதுண்டு. முழுப் பொறியையும் ஒருவரே எடுத்துக் கொள்வதுமுண்டு. பின்னதைத் தனிவழங்கி என்கிறோம். பகிர்ந்த வழங்கி, விடுதியில் உண்பது போன்றது; சமைப்பவர் வேறொருவர். தனிவழங்கியோ வெற்று வீட்டை வாடகைக்கு எடுத்து நாமே உலை வைப்பது போன்றது. ஓலைச்சுவடிப் படிமங்கள் அளவில் பெரியன. அவற்றை வைக்கத் தனிவழங்கியே தகும் என்று செஞ்சிப் பகுதி இளைஞர் ஒருவர் அத்தகைய பொறியொன்றை எடுப்பதாகக் கொள்வோம். பணம் கட்டியாயிற்று, எண்முகவரியும் கடவுச்சொல்லும் வந்தாயிற்று. தளத்தின் பெயரை அடிக்கிறார், எதுவும் திறக்கவில்லை. இந்நிலையில் பலர் செய்வன இரண்டு: கைக்கு வந்ததையெல்லாம் மாற்றிப் பார்ப்பது ஒன்று, 'இது நமக்கு ஆகாது' என்று கைவிடுவது மற்றொன்று. இரண்டும் தவறு. நோயையும் அதன் முதலையும் தெளிந்த பின்னரே மருந்தைத் தொடவேண்டும் என்பது வள்ளுவப் பெருந்தகை மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கு. பொறிக்கும் அவ்வொழுங்கே பொருந்தும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. மாற்றியதை எழுதி வைக்க. பின்னர் அடுத்ததற்குச் செல்க.

முதற்கண் காண வேண்டியது, பிழை பெயரிலா பொறியிலா என்பது. இணையத்தில் ஒவ்வொரு பெயரும் ஓர் எண்ணுக்குச் சுட்டு. பெயரைப் புது எண்ணுக்கு மாற்றினாலும், பழைய விடையைச் சேமித்து வைத்திருக்கும் இடைநிலைப் பொறிகள் குறித்த காலம் வரை பழைய எண்ணையே காட்டும். அக்காலம் சில மணித்துளியும் ஆகலாம். ஓரிரு நாளும் ஆகலாம். ஆகலின் பெயரை விட்டு எண்முகவரியை நேரே அடித்துப் பார்க்க. எண்ணுக்குப் பொறி விடை தந்து பெயருக்குத் தரவில்லையாயின், பெயர்ச் சுட்டையும், பொறியில் அப்பெயர் பதியப்பட்டுள்ளதா என்பதையும் சரி பார்த்தல் வேண்டும். '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் தளப்பெயர்கள் இன்று உள்ளன. அவற்றைப் பெற்றவர்கள் ஒன்றை அறிதல் வேண்டும்: இணையத்தின் அடித்தளம் அப்பெயரை உரோமன் எழுத்துத் தொடராக மாற்றியே ஆள்கிறது. வழங்கியின் அமைப்புக் கோப்பில் அம்மாற்று வடிவமும் இடம்பெறல் வேண்டும். இல்லையேல் தமிழ்ப் பெயர் திறவாது. 'தமிழில் பெயர் வைத்ததால் வந்த கேடு' என்று சொல்லச் சிலர் காத்திருப்பர்.

அடுத்தது வாயில். ஒரு வழங்கிக்கு 65,535 வாயில்கள் உண்டு. தொலைவிலிருந்து நாம் கட்டளையிட 22ஆம் வாயிலும், வலைத்தளத்துக்கு 80, 443ஆம் வாயில்களும் வழக்கமானவை. இவ்விடத்தில் பொறி தரும் மறுமொழியின் தன்மையைக் கூர்ந்து நோக்குக. தட்டியவுடனே 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று வந்தால், பெரும்பாலும் பொறி உயிரோடிருக்கிறது. ஆனால் அவ்வாயிலில் விடை சொல்ல ஆளில்லை. அதாவது தளம் வழங்கும் மென்பொருள் ஓடவில்லை. நெடுநேரம் காத்தும் ஒரு சொல்லும் வாராது போனால், காப்பரண் நம் வேண்டுகையை விழுங்குகிறது என்று முதலில் ஐயுறுக. காப்பரண் இரண்டிடத்தில் இருக்கக்கூடும்: பொறிக்குள் ஒன்று, வாடகைக்கு விட்டவரின் வலையத்தில் ஒன்று. ஒன்றைத் திறந்து மற்றொன்றை மறந்து இரவெல்லாம் தவிப்பவர் உண்டு. காப்பரணைத் திருத்துங்கால், முன்னரே திறந்துள்ள இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, புதிய இணைப்பொன்றால் நுழைந்து பார்த்தபின் விடுக. 22ஆம் வாயிலைத் தம் கையாலேயே அடைத்துவிட்டு வெளியே நின்றால், வாடகைக்கு விட்டவர் தரும் மீட்புவழி ஒன்றே கதி.

பின்னர்ப் பதிவேடு. பொறி தன் இடர்களை வரிவரியாக எழுதி வைக்கிறது, நாம்தான் படிப்பதில்லை. 404 என்பது பக்கம் இல்லை என்பது. 403 என்பது பக்கம் உண்டு, காட்ட ஒப்புதல் இல்லை என்பது. 500 என்பது உள்ளே நிரல் இடறிற்று என்பது. 502 என்பது முன்நிற்கும் மென்பொருளுக்குப் பின்நிற்கும் மென்பொருள் சரியான விடை தரவில்லை என்பது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. வட்டில் இடம் இருக்கிறதா என்றும் காண்க. இடம் இருந்தும், கோப்புகளின் எண்ணிக்கை வரம்பு தீர்ந்து புதுக் கோப்பு எழுத இயலாமற் போவதுண்டு; ஏடுதோறும் பல சிறு படிமங்களை ஆக்கி வைப்போர் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

இவையெல்லாம் எம்மொழியினர்க்கும் பொது. தமிழர்க்கே உரிய இடர் ஒன்று உண்டு. அதனைத் தமிழர்தாம் கற்றுத் தீர்த்தல் வேண்டும். தளம் திறக்கிறது, ஆனால் தமிழ் எழுத்துக்கு மாறாகப் பொருளற்ற அயலெழுத்துக் குவியல் தோன்றுகிறது. நூல் அழிந்துவிட்டது என்று அஞ்சற்க. 'தமிழ்' என்னும் சொல் ஒருங்குறியில் 5 குறிகளால் ஆனது. யுடிஎப்-8 முறையில் ஒவ்வொரு குறியும் 3 பைட்டுகளாக, ஆக 15 பைட்டுகளாகப் பொறியில் நிற்கிறது. அவற்றை மேலை எழுத்துமுறை என்று பிழைபட எண்ணிப் படிக்கும் பொறி, 15 அயற்குறிகளாகக் காட்டுகிறது. கோப்பு எந்தக் குறியேற்றத்தில் சேமிக்கப்பட்டது, தரவுத்தளம் எதனைக் கொண்டிருக்கிறது, வழங்கி உலவிக்கு எதனை அறிவிக்கிறது என்னும் மூன்றிடங்களையும் ஒத்துப் பார்க்க. மூன்றும் ஒன்றாயின் தமிழ் தமிழாகத் தோன்றும். ஒத்துப் பாராமல் தோன்றிய குவியலையே மீண்டும் சேமிப்பவர்தாம் நூலை உண்மையில் கெடுப்பவர்.

சுவடி ஏற்றுவோர்க்கு இன்னும் நுட்பமான இடர் உண்டு. நம் முன்னோர் முந்திரி, காணி, மா என்று வழங்கிய கீழ்வாய்க் குறிகளுக்கும் பழைய அளவைக் குறிகளுக்கும் 2019இல் ஒருங்குறியில் தனியிடம் கிடைத்தது. மொத்தம் 51 குறிகள். மணிப்பவழ ஏடுகளுக்கு வேண்டும் கிரந்தத்துக்கோ 2014இல், நம் தமிழெழுத்துக்குள் நுழையாமல், தனிக் கட்டம் ஒதுக்கப்பட்டது. இவ்விரு வகைக் குறிகளும் 4 பைட்டுகள் கொள்பவை. மைஎசுகியூஎல் என்னும் தரவுத்தளத்தின் பழைய யுடிஎப்-8 அமைப்போ 3 பைட்டுகளுக்கு மேல் ஏலாது. அதில் ஏற்றினால், குறி வரும் இடத்தில் பிழை காட்டி நிற்கும். அல்லது அவ்விடத்தோடு வரி அறுந்துபோகும். பக்கம் திறக்கிறது; தமிழும் தெரிகிறது; ஆனால் ஏட்டின் பின்பாதி இல்லை! 4 பைட்டுகள் ஏற்கும் அமைப்பை நூலை ஏற்றுமுன்னரே தெரிந்தெடுத்தல் வேண்டும். இந்த ஒரு வரியை அறியாமையால் ஏடு குறைப்படுமானால், அதற்குக் கறையானைப் பழிப்பதில் பொருளில்லை.

மற்றொன்றும் கேண்மின். 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். முன்னொன்றும் பின்னொன்றுமாக இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பொறிக்கு வேறு வேறு. எனவே தேடுபவர்க்குச் சொல் கிடைப்பதில்லை. கோப்பு இருந்தும் 'இல்லை' என்று வழங்கி சொல்கிறது. ஏற்றும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொணர்தல் வேண்டும். கோப்புப் பெயருக்கும் எல்லை உண்டு. இலினக்சு இயங்குதளத்தின் பரவலான கோப்பமைப்பு 255 பைட்டுகளே ஏற்கும். ஆங்கிலத்தில் 255 எழுத்தாகும் அது, தமிழில் 85 குறிகளோடு முடியும். நூற்பெயர், ஆசிரியர் பெயர், உரையாசிரியர் பெயர், மடத்தின் பெயர் அனைத்தையும் ஒரே கோப்புப் பெயரில் அடுக்குவோர் இதனை நினைவிற் கொள்க.

இனிக் காவல். புது வழங்கி இணையத்தில் நின்ற சிறிது நேரத்திலேயே, உலகின் எங்கெங்கோ உள்ள பொறிகள் அதன் கடவுச்சொல்லை ஊகித்துத் தட்டத் தொடங்குகின்றன. அவை நம்மைக் குறிவைத்து வந்தவையல்ல. எல்லாக் கதவையும் தட்டுபவை. வாடகைக்கு விட்டவர் தந்த கடவுச்சொல்லை உடனே மாற்றுக; கடவுச்சொல்லுக்கு மாறாகத் திறவுகோற் கோப்பால் நுழையும் முறையை அமைக்க; வேண்டாத வாயில்களை அடைக்க; மென்பொருள்களைப் புதுப்பிக்க. எண்முகவரியும் புதிதன்று; முன்பு குடியிருந்தவன் அதிலிருந்து குப்பை மடல்களை அனுப்பியிருப்பின், அவன் பழி நம் தலையில் விழும்; நாம் அனுப்பும் மடலைப் பிறர் ஏலார். பொறியும் பிறர் ஆண்டு விட்டதாக இருக்கலாம். எனவே நூலை ஏற்றுமுன் வட்டையும் நினைவகத்தையும் ஆய்வு செய்க. குறை காணின் வாடகைக்கு விட்டவர்க்கு எழுதுக. 'ஓடவில்லை' என்று மட்டும் எழுதினால் 'மீண்டும் தொடங்கிப் பாருங்கள்' என்னும் விடையே வரும். எந்நேரத்தில், எவ்வெண்ணில், எதனைச் சோதித்தோம், பதிவேட்டில் என்ன வரி கண்டோம் என்று எழுதினால், தட்டிக்கழிக்க இயலாது.

இத்தனையும் செய்து பொறி நன்றாக ஓடத் தொடங்கிய பின்னரே உண்மையான கேடு தொடங்குகிறது, அது மறதி. 2021ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள், பிரான்சு நாட்டின் இசுட்ராசுபூர் நகரில், ஓவிஎச் நிறுவனத்தின் வழங்கிக் கட்டடம் ஒன்று நள்ளிரவுக்குப் பின் தீப்பற்றி முற்றும் அழிந்தது. பல இலக்கம் வலைத்தளங்கள் ஒரே இரவில் முடங்கின. வேறிடத்தில் படி வைத்திருந்தவர்கள் மீண்டனர். படியையும் அதே வளாகத்தில் வைத்து உறங்கியவர்களில் பலர் எல்லாவற்றையும் இழந்தனர். வழக்கு மன்றம் சென்று இழப்பீடு பெற்றவரும் உண்டு. இழந்த தரவை எந்த மன்றம் மீட்டுத் தரும்?

தீயைக் குறித்துத் தமிழர்க்கு எவரும் பாடம் சொல்ல வேண்டா. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாளிரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. அங்குப் பகை தீ வைத்தது. இசுட்ராசுபூரிலோ பகைவர் எவருமில்லை. தீயும் தேவையில்லை, ஒரு நிறுவனத்தின் கணக்கு முடிவே போதும். சியோசிட்டீசு 2009 அக்டோபர் 26இல் மூடப்பட்டது. யாகூ குழுமங்கள் 2020இல் மூடப்பட்டன. அவற்றில் தமிழர் எழுதிக் குவித்தவற்றுள் எவரேனும் படியெடுத்தவை மட்டுமே எஞ்சின. வாடகை கட்டும் அட்டை காலாவதியாகி, அறிவிப்பு மடல் எவரும் பாராத பெட்டிக்குச் சென்று, குறித்த நாள் கடந்ததும் பொறி துடைக்கப்படுவதும் உண்டு. தொண்டர் ஒருவர் மறைந்தால், அவர் மட்டுமே அறிந்த கடவுச்சொல்லோடு ஒரு நூலகம் மறைகிறது.

எனவே சொல்கிறோம்: ஒரு படி படியாகாது. மூன்று படி வைக்க. அவற்றை இருவகைக் கருவிகளில் வைக்க. ஒன்றேனும் வேறு ஊரில், வேறு நிறுவனத்தின் கையில், கூடுமாயின் நம் கையிலேயே இருக்கட்டும். ஆண்டுக்கு இருமுறை அப்படியிலிருந்து தளத்தை முழுதும் மீட்டெழுப்பிப் பார்க்க. மீட்டுப் பாராத படி, எழுதியதாக எண்ணிக்கொண்ட வெற்றோலை. கடவுச்சொல்லும் வாடகை நாளும் குறைந்தது இருவர்க்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இறுதியாக மொழி. பதிவேடு ஆங்கிலத்தில் பேசுகிறது. அதனால் நம் இளைஞர் பலர் அஞ்சி ஒதுங்குகின்றனர். வழங்கி, கடவுச்சொல், காப்பரண், பதிவேடு, குறியேற்றம் என்று தமிழில் சொல் உண்டு. சொல் இருந்தும் செயலில்லையேல் அது அகராதியில் உறங்கும். வழங்கியை இயக்கும் ஒவ்வொரு தமிழரும், தாம் செய்த அமைப்பையும், கண்ட இடரையும், தீர்த்த வழியையும் நல்ல தமிழில் எழுதி வைத்தல் வேண்டும். அடுத்து வருபவர் அதனைப் படித்துத் தொடர்வார். கலைச்சொல் அவ்வாறுதான் வாழும். மேடை முழக்கத்தால் வாழாது. மதுரைத் திட்டத்தின் நூல்கள் இன்றும் படிக்கக் கிடைப்பது ஏன்? பழைய குறியேற்றம் வழக்கொழியும் காலத்து, அவற்றை ஒருங்குறிக்குப் பெயர்த்தெழுதிய கைகள் இருந்தன. பெயர்த்தெழுதப் படாதவை வட்டில் இருந்தும் படிக்கவொண்ணாக் குப்பையாயின.

தமிழிளைஞர்களே! வட்டந்தோறும் இருவர் போதும். ஒரு பழைய கணிப்பொறியும் விலையில்லா இலினக்சு இயங்குதளமும் போதும். வாடகை கொடுக்குமுன் வீட்டிலேயே வழங்கியை அமைத்து, வேண்டுமென்றே கெடுத்து, மீண்டும் திருத்திப் பழகுக. பின்னர் உங்கள் ஊர் மடத்தாரையும் புலவர் குடும்பத்தாரையும் பணிவோடு அணுகி, ஒப்புதல் பெற்று, ஏடுகளைப் படிமம் எடுத்து ஏற்றுக. மேல்சித்தாமூரில் ஏடு காத்தவர்கள் எழுத்தாணி பிடிக்கக் கற்றனர். ஓலை பதப்படுத்தக் கற்றனர். பிறரை நம்பி இருக்கவில்லை. அக்கல்விக்கு ஈடான இன்றைய கல்வி இதுவே. வாடகை நிலமாயினும் உழவு நமதாகட்டும். இத்திங்கள் முடிவதற்குள், தமிழ்த் தளம் நடத்தும் ஒவ்வொருவரும் தம் வழங்கியின் படி ஒன்றைத் தம் வீட்டு வட்டில் இறக்கி, திறந்து, படித்துப் பார்க்க.